மீன் மாறியதா, மீனின் வம்சம் மாறியதா? பவானிசாகர் ஜிலேபியும் தோட்டத்துக் கிணறுகளும்

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்றுதான் படித்தோம். ஆனால் ஆறு குளத்து மீன்கள் சில பத்தாண்டுகளிலேயே மாறிவிடுவதாகச் சொல்கிறார்கள். பவானிசாகர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் எங்க மாமா, 'முந்தியெல்லாம் ஜிலேபி தட்டு அகலத்துக்கு வரும், இப்ப உள்ளங்கை அளவுலயே சினை வெச்சுக்குது' என்கிறார். இது பரிணாமமா? இதை நம்ம பக்கத்திலேயே வைத்து ஆராய வழி இருக்கிறதா?"

அம்மிணி, முதல் வேலையாக உங்கள் மாமா சொன்னதை ஒரு நோட்டில் தேதி போட்டு அவர் வாய்வார்த்தையாகவே எழுதி வையுங்கள். எந்த வருஷத்தை 'முந்தி' என்கிறார், அப்போது வலைக்கண் எவ்வளவு, இப்போது எவ்வளவு, அணையின் எந்தப் பக்கம் வலை கட்டுவார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் மீன் அளந்தவன் நான். இந்தத் துறையில் நம்மிடம் பெரிதாக இல்லாமல் போனது பழைய கணக்குதான். கருவி கடன் வாங்கலாம், பணம் எங்காவது கேட்டு வாங்கலாம். நேற்றைய மீனை இன்றைக்குப் போய்ப் பிடிக்க முடியாது.

மாமா கண்ணால் பார்த்தது உண்மை. ஆனால் அந்த ஒரே காட்சிக்குப் பின்னால் முற்றிலும் வேறுவேறான காரணங்கள் நிற்கலாம்.

பெரிய மீனையெல்லாம் வலை அள்ளிவிட்டால் மிச்சம் நிற்பது சின்னஞ்சிறுசுகள். அப்போது மீன் மாறவில்லை, கூட்டத்தின் வயதுதான் இறங்கியிருக்கிறது. 'சின்னதிலேயே சினை' என்கிறாரே என்று கேட்பீர்கள். முன்பு அகலக்கண் வலையில் சின்ன மீன் மாட்டியே இருக்காது. மாட்டாத மீனின் வயிற்றை யார் பிளந்து பார்த்தார்கள்? வலைக்கண்ணை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது ஜிலேபியின் சுபாவம். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா இது. இரை குறைந்து நெருக்கடியான குட்டையில் கிடந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சின்ன உடம்பிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். அதன் குஞ்சை எடுத்து நல்ல இரையும் விசாலமான தண்ணீரும் கொடுத்து வளர்த்தால் தட்டு அகலத்துக்கு வரும். மரபணுவில் எதுவும் மாறவில்லை, உடம்பு சூழலுக்கு வளைந்து கொடுத்திருக்கிறது. பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை குட்டையாகப் போவதும், அந்தப் பிள்ளைக்குப் பிறந்தது நன்றாகச் சாப்பிட்டு நெடுநெடுவென வளர்வதும் போலத்தான். இந்த வளைந்து கொடுத்தலைப் பரிணாமம் என்று எழுதிவிடுவதுதான் நம் மாணவர்கள் அடிக்கடி விழும் குழி. இதில் விழவைக்க ஜிலேபியைப் போல இன்னொரு மீன் கிடையாது.

மூன்றாவது, கலப்பு. பண்ணைகளில் வளர்க்கும் நைல் திலேப்பியாவும் அதன் கலப்பினங்களும் வாய்க்கால் வழியாகத் தப்பி அணைக்குள் வந்தால் கூட்டத்தின் மரபணுவே மாறும். மாறினாலும் அது அணைக்குள் நடந்த தேர்வின் விளைவு ஆகாது, வெளியிலிருந்து வந்து சேர்ந்த சரக்கு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இந்த வேலைக்கு ஆகாததற்கும் இதுவே காரணம். வருஷாவருஷம் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அணையில் விடுகிறார்கள். குஞ்சுப் பண்ணையில் யார் எந்தத் தாய்மீனைத் தேர்ந்தார்கள் என்பதைத்தான் அந்த மீன் உங்களுக்குச் சொல்லும்.

இவை அனைத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவது நான்காவது. சின்னதிலேயே சினைப்படும் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது, வலை பெரியதைப் பிடிப்பதால் அந்தக் குணம் உள்ளவையே வம்சம் வைக்கின்றன, தலைமுறைக்குத் தலைமுறை அந்த மரபணு பெருகுகிறது. பரிணாமம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

லட்சம் வருஷக் கணக்குக்கு வருவோம். நம் ஊர் விவசாயிக்கு இந்தச் சந்தேகமே வராது. பருத்திக் காட்டில் ஒரு மருந்து நாலைந்து வருஷம் கேட்கும், அப்புறம் "புழு மருந்துக்குக் கட்டுப்படறதில்லீங்" என்பார். புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி வந்தபோது அடங்கியிருந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு சில வருஷங்களிலேயே அதைத் தின்று செரிக்கப் பழகியதை நாடே பார்த்தது. 'பழகியது' என்பது பேச்சுவழக்கு. எந்தப் புழுவும் பழகவில்லை. தாங்கியது வம்சம் வைத்தது, தாங்காதது செத்தது. தேர்வு கடுமையாகவும் தலைமுறை குட்டையாகவும் இருந்தால் பரிணாமம் ஒரு மனிதனின் வேலைக்காலத்துக்குள் கண்ணில் படும்.

மீன்களில் இதை முதலில் துலக்கமாகக் காட்டியது டிரினிடாட் தீவின் கப்பி மீன். நம் கோவை, ஈரோட்டுச் சாக்கடைகளில் கொசுப்புழு தின்பதற்காகச் சுகாதாரத் துறையினர் விடும் அதே கப்பிதான். அந்தத் தீவின் மலை ஓடைகளில் அருவிக்குக் கீழே கப்பியை விழுங்கும் பெரிய சிக்லிட் மீன்கள் உண்டு. அருவிக்கு மேலே அவை ஏற முடியாது, குஞ்சுகளை மட்டும் பிடிக்கும் ரிவுலஸ் என்ற சிறு மீன்தான் அங்கே. கீழே ஆண் கப்பிகள் மங்கலாகவும் மேலே பளபளவென்றும் இருந்தன. 1976-இல் ஜான் எண்ட்லர் கீழேயிருந்து சுமார் 200 கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத ஒரு மேல் ஓடையில் விட்டார். இரண்டு வருஷத்துக்குள் அவற்றின் வம்சத்து ஆண்கள் மேலோடைக் கப்பிகளைப் போல நிறம் கூடி நின்றன. வளர்ந்த மீனை விழுங்கும் எதிரி இல்லாத இடத்தில் பெட்டைகளின் விருப்பமே முக்கியத் தேர்வாக நின்றதன் விளைவு அது.

டேவிட் ரெஸ்னிக் இதே கப்பியின் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தார். வளர்ந்ததைத் தின்னும் எதிரியிடமிருந்து, குஞ்சை மட்டும் தின்னும் எதிரியிடம் இடம் மாற்றினால் என்ன ஆகும்? வளர்ந்த மீனுக்கு ஆபத்து குறைந்ததால் அவசரமாகப் பருவத்துக்கு வர வேண்டியதில்லை. 11 வருஷத்தில், அதாவது 30 முதல் 60 தலைமுறைக்குள், அவை தாமதமாகப் பருவமடைந்து, பெரிய உடம்போடு, குறைவான ஆனால் பெரிய குஞ்சுகளை ஈன்றன. 1990-இல் வந்த அந்த ஆய்வில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி ஒன்றுதான். ஓடையில் பிடித்த மீனை அப்படியே அளந்து அவர் முடிவு சொல்லவில்லை. இரு இடத்து மீனையும் ஆய்வுக்கூடத்தில் ஒரே தண்ணீர், ஒரே அளவு இரை கொடுத்து இரண்டு தலைமுறை வளர்த்தார். பேரன் பேத்தி மீன்களிலும் அந்த வித்தியாசம் நின்றது. அதன் பிறகுதான் மரபணு மாற்றம் என்றார்.

ஏன் இரண்டு தலைமுறை? முதல் தலைமுறைக் குஞ்சு தாயின் வயிற்றில் இருந்தபோதே பழைய ஓடையின் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறது. தாயின் கொழுப்பும் தாய் பட்ட பாடும் பிள்ளை உடம்பில் தெரியும். பேரக்குஞ்சுக்கு வரும்போது அந்தச் சாயல் பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். ஒரே தொட்டி வளர்ப்பு என்று இதைச் சொல்வேன். இதைச் செய்யாத ஆய்வு 'வித்தியாசம் கண்டேன்' என்று எழுதலாம், 'பரிணாமம் கண்டேன்' என்று எழுதக் கூடாது.

இந்த வேகத்தைக் கேட்டால் தொல்லுயிர் எச்சம் பார்ப்பவர்களுக்கே திகைப்பாக இருக்கும். 1997-இல் ரெஸ்னிக் குழு கணக்கிட்டபோது, கப்பி மாறிய வேகம் புதைபடிவங்களில் தெரியும் வேகத்தைவிட ஒரு கோடி மடங்கு வரை அதிகமாக வந்தது. அப்படியானால் லட்சம் வருஷத்தில் கப்பி யானையாகியிருக்க வேண்டாமா? மேட்டூர் அணையை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் முப்பது அடி ஏறும், இன்னொரு மாதத்தில் நாற்பது அடி இறங்கும். 1934-இல் கட்டிய அணையின் நீர்மட்டத்தைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பார்த்து எழுதினால் 'பெரிதாக மாறவில்லை' என்றுதான் தோன்றும். பரிணாமமும் பல சமயம் அப்படியே, மழைக்கு ஒரு பக்கமும் வறட்சிக்கு மறுபக்கமும் சாய்ந்து திரும்பி வரும். புதைபடிவம் அந்த ஏற்ற இறக்கத்தைச் சராசரியில் கரைத்துவிடுகிறது. உயிருள்ள மீனை வருஷாவருஷம் அளப்பவருக்கே அது தெரியும்.

இந்த வேகத்தை அளக்கும் அலகுக்கு 'ஹால்டேன்' என்று பெயர். திட்ட விலக்கம் என்பது கூட்டத்து மீன்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற கணக்கு. ஒரு தலைமுறையில் ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு மாறினால் ஒரு ஹால்டேன். எடுத்துக்காட்டாக, பருவமடையும் சராசரி நீளம் 22 மில்லிமீட்டரிலிருந்து 20-க்கு இறங்கியது, கூட்டத்துக்குள் திட்ட விலக்கம் 2 மில்லிமீட்டர், இதற்கு 10 தலைமுறை ஆயிற்று என்றால் வேகம் 0.1 ஹால்டேன். பெயருக்குரிய ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். விலை உயர்ந்த கருவி இல்லாமல் நம் வயலிலும் குளத்திலும் பொறுமையாக எண்ணி அளந்தே நல்ல உயிரியல் செய்யலாம் என்று இங்குள்ள இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவர். அவரை நினைக்காமல் இந்த அலகை என்னால் எழுத முடிவதில்லை.

வலைக்கு வருகிறேன். மாமாவின் கேள்வி அங்கேதான் இருக்கிறது. டேவிட் கோனோவரும் ஸ்டீபன் மன்ச்சும் 2002-இல் வெளியிட்ட சோதனையில், அட்லாண்டிக் கடலோரத்து வெள்ளிக்கோட்டு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, சிலவற்றில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய 90 சதவீதத்தை எடுத்தார்கள், சிலவற்றில் சின்ன 90 சதவீதத்தை எடுத்தார்கள். நாலே தலைமுறையில் பெரியதை எடுத்த கூட்டத்தின் சராசரி எடை மற்றதில் பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. எடுப்பதை நிறுத்திய பிறகும் மெதுவாகத்தான் மீண்டது. கனடாவில் காட் மீன்பிடிப்பு 1992-இல் மூடப்பட்டதற்கு முந்தைய வருஷங்களிலேயே அந்த மீன் சின்ன வயதில், சின்ன உடம்பில் பருவமடையத் தொடங்கியிருந்தது பழைய பதிவேடுகளிலிருந்து பிற்பாடு தெரிந்தது. பதிவேடு இருந்ததால் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள்.

காங்கேயம் மாட்டுக்காரர் நல்ல காளையை வீட்டில் நிறுத்திக்கொண்டு சோடை போனதைச் சந்தைக்கு ஓட்டுவார். அணையில் நாம் செய்வது தலைகீழ். திடமாக வளர்வதைச் சந்தைக்கு ஓட்டிவிட்டுச் சோடையை வம்சத்துக்கு விடுகிறோம். இதைச் சொன்னால் மீனவர்மேல் பழி போடுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்ன மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்துப் பெரியதை மட்டும் பிடிக்கச் சொல்லும் விதிகளே உலகம் முழுக்க இந்தத் தேர்வைத்தான் செய்கின்றன. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான் அது. மிகப் பெரிய தாய்மீனையும் விட்டுவைக்கும்படி விதி அமைந்தால் நல்லது என்பது என் கட்சி.

இனி நம் பக்கத்தில் எங்கே ஆராய்வது? உங்களுக்கு நான் சொல்லும் இடம் அணை அல்ல, கிணறு.

வெளியூர்க்காரர் யாருக்கும் இது தோன்றாது. கொங்கு நாட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் பாறையை உடைத்து வெட்டிய அகலமான திறந்த கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் செங்குத்தான சுவர், வெளி ஓடையோடு தொடர்பில்லை. மீனுக்கு அது ஒரு தீவு. கொசுவுக்காகக் கப்பியோ கம்பூசியாவோ விட்ட கிணறுகள் ஏராளம். சில கிணறுகளில் பழக்கத்துக்கு, சிறு மீனை விழுங்கும் விரால் விட்டிருப்பார்கள், சிலவற்றில் இருக்காது. விரால் இருக்கிற கிணறும் இல்லாத கிணறும் சேர்ந்தால், டிரினிடாட்டின் அருவிக்குக் கீழும் மேலும் உங்கள் ஊருக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

இதற்கும் மேலே ஒரு அனுகூலம் உண்டு. கிணறு எந்த வருஷம் அடியோடு வற்றியது, எப்போது தூர் வாரினார்கள், மறுபடி மீன் எப்போது, எங்கேயிருந்து கொண்டுவந்து விட்டார்கள் என்பது தோட்டத்துக்காரருக்கு நன்றாக நினைவிருக்கும். "பையன் பொறந்த வருஷம் வத்துச்சுங்" என்று சொல்வார். அதுதான் உங்களுடைய முதல் நாள். இந்தத் துறையில் முதல் நாள் தெரிந்த இடம் பொக்கிஷம். அலாஸ்காவின் லோபெர்க் ஏரியில் 1982-இல் மருந்து ஊற்றி இருந்த மீனையெல்லாம் அழித்தார்கள். 1990-இல் மைக்கேல் பெல் அங்கே போனபோது கடலிலிருந்து முள்முதுகு மீன்கள் ஏறி வந்து குடியேறியிருந்தன. உடம்பு முழுக்க எலும்புத் தகடு போர்த்திய கடல் வகை, அடுத்தடுத்த வருஷங்களில் தகடு குறைந்த நன்னீர் வகைக்கு இடம் விட்டுக்கொண்டே போனதை வருஷாவருஷம் எண்ணினார்கள். 1982 என்ற அந்த ஒரு எண் இல்லையென்றால் அந்த ஏரி பத்தோடு பதினொன்று. உங்கள் கிணற்றுக்கு அந்த எண்ணைத் தோட்டத்துக்காரர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

ஆனால் ஒரு கிணறு பார்த்துவிட்டு எழுத முடியாது. யாரோ ஒரு குடத்தில் பத்து மீன் கொண்டுவந்து விட்டிருப்பார். அந்தப் பத்தில் தற்செயலாக நாலு ஆண் மங்கலாக இருந்திருந்தால் கிணறே மங்கலாகிவிடும். தேர்வு எதுவும் நடக்கவில்லை, குடத்தில் வந்ததுதான் கூட்டமாயிற்று. சிறு கூட்டங்களில் இந்தத் தற்செயலின் கை பலமானது. விராலுள்ள எட்டுக் கிணறு, விரால் இல்லாத எட்டுக் கிணறு எடுங்கள். தற்செயல் எட்டையும் ஒரே பக்கம் இழுக்காது. எட்டில் ஏழு ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது வெறும் தற்செயல் அல்ல என்று நம்பலாம், தேர்வா வளைந்து கொடுத்தலா என்பதை ஒரே தொட்டி வளர்ப்புதான் சொல்லும். மரபணுவைத் தொடாமலேயே கிடைக்கும் வலுவான சாட்சி அது. அதே சமயம், சுகாதாரப் பணியாளர் மழைக்காலந்தோறும் வளர்ப்புத் தொட்டியிலிருந்து புதுக் கப்பி கொண்டுவந்து கொட்டும் கிணற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் நேராக விழும் கிணறும் வேண்டாம், கசிவு நீர் மட்டும் ஊறும் கிணறு இருக்கட்டும்.

கப்பியைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காலம். வருஷத்துக்கு மூன்று நான்கு தலைமுறை ஓடும். பெட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் குட்டி போடும். ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உள்ளேயே சேமித்து வைத்திருக்கும் என்பதால், கிணற்றில் பிடித்த பெட்டை தொட்டியில் ஈனும் குட்டிக்குத் தகப்பன் அந்தக் கிணற்று ஆண் மீன்தான். அதை முதல் தலைமுறையாகக் கொண்டு, குட்டிகளை ஆண் பெண் தெரிந்ததும் பிரித்து, வேறு தாயின் பிள்ளையோடு சேர்த்தால் ஏழெட்டு மாதத்தில் பேரக்குஞ்சு கையில் இருக்கும்.

எண்ட்லர் செய்தது போல மீனை இடம் மாற்றி விடும் வேலையை மட்டும் நினைத்தும் பார்க்க வேண்டாம். அந்தத் தீவில் கப்பி சொந்த மீன், இங்கே வந்தேறி. 1928-இல் நாட்டுக்குள் வந்த கம்பூசியாவும் அப்படித்தான். கிணற்றுக் கப்பியை ஓடையில் விட்டால் அது நம் அயிரைக்கும் பொடிக்கெண்டைக்கும் இரையில் போட்டியாகப் போகும். தொட்டியில் வளர்த்த ஒரு குஞ்சுகூட வெளித்தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. விட்டவர் ஏற்கெனவே விட்டுவிட்டார். நாம் அதன் விளைவைப் படிக்கிறோம், அவ்வளவே.

முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் நொய்யலை எடுங்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்து இறங்கும் ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது சாயக்கழிவின் உப்பைச் சுமந்துகொண்டு போனது. 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் கழிவுத் தேக்கமாகவே நின்றது, கரையோர நிலங்களும் கிணறுகளும் உப்பாயின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு உயிரியலாளரின் கண்ணில் இதெல்லாம் தேதி குறித்த தேர்வு அழுத்தம். பேரூர்ப் பக்கம் மேலே இருக்கும் சிறு கெண்டைக்கும், திருப்பூருக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக உப்பில் கிடந்த அதே இனத்துக்கும் உப்பைத் தாங்குவதில் மரபுவழி வேறுபாடு உண்டா? ஜிலேபியை இதற்கு எடுக்காதீர்கள், அது கடல்நீரையே தாங்கும். கப்பியும் உப்புக்கு அஞ்சாது. நன்னீரைத் தவிர வேறெதுவும் அறியாத பொடிக்கெண்டை வகைதான் சரி. தொட்டியிலேயே முட்டையிடும் இனங்கள் அதில் உண்டு. இரு இடத்து மீனையும் நல்ல தண்ணீரில் இரண்டு தலைமுறை வளர்த்து, பிறகு உப்பைப் படிப்படியாக ஏற்றி, மீன் நிலை தடுமாறும் அளவைக் குறித்துக்கொண்டு உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடலாம். கொன்று எண்ண வேண்டிய அவசியமில்லை.

இதற்கு முன்மாதிரி அமெரிக்கக் கிழக்குக் கரையின் கில்லி மீன். நச்சு மண்டிய நான்கு துறைமுகக் கழிமுகங்களில் அது மற்ற இடத்து மீனைவிட 8,000 மடங்கு வரை நச்சைத் தாங்கி வாழ்கிறது. ஆண்ட்ரூ வைட்ஹெட் குழு 2016-இல் 384 மீன்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது, நான்கு இடத்திலும் தனித்தனியாக, ஆனால் நச்சு வந்ததை உடம்புக்கு உணர்த்தும் மரபணுச் சங்கிலியான ஒரே நச்சுணர் பாதையில் மாற்றம் விழுந்திருப்பது தெரிந்தது. ஹட்சன் ஆற்றின் டாம்காட் மீனிலும் அதே பாதைதான். ஒரு மரபணுவில் ஆறே ஆறு எழுத்து விடுபட்டதால் பி.சி.பி. என்ற தொழிற்சாலை நச்சு அதன் உடம்பில் பற்றவில்லை.

இதைப் படித்துவிட்டு 'மீன் எப்படியும் தாங்கிக்கொள்ளும், கழிவை விடலாம்' என்று பேசுபவர் வருவார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதே ஆய்வில் இருக்கிறது. கில்லி மீன் மாபெரும் கூட்டமாக வாழ்வது, மரபணு வகைகள் அதனிடம் ஏராளம், தேவையான சரக்கு முன்னமே கையிருப்பில் இருந்தது. எண்ணிக்கை சுருங்கிய மீனுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. மாயாற்றில் மிச்சமிருக்கும் திமில் முதுகு மஹ்சீர் மிகவும் அருகிப்போன இனம், பருவத்துக்கு வர வருஷக்கணக்காகும். அதன்மேல் ஒரு நச்சு இறங்கினால் பரிணாமம் வந்து சேரும்முன் வம்சம் முடிந்துவிடும். தாங்கிய ஒன்றை மட்டும் நாம் இன்று பார்க்கிறோம். தாங்காமல் அந்தத் தண்ணீரைவிட்டே போனவை அளக்கக் கிடைப்பதில்லை.

தடுப்பணைகளும் நல்ல இடம்தான். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று காவிரியைக் கதவணைகள் தேக்கங்களாகத் துண்டாக்கியிருக்கின்றன. ஓடும் தண்ணீரில் ஒல்லி உடம்பு நல்லது, நின்ற தண்ணீரில் அகன்ற உடம்பு திரும்பி வளைய உதவும். அமெரிக்காவில் அணை நீரில் சிக்கிய சிறு கெண்டைகளின் உடல் வடிவம் மாறியதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் உடல் வடிவம் மிகவும் வளைந்து கொடுக்கும் குணம், பேரக்குஞ்சு பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதால் ஒரு எம்.எஸ்சி. ஆய்வுக்கு இது கனமானது.

கைவேலை பற்றிக் கொஞ்சம். ஆண் கப்பியைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி, அளவுகோல் பக்கத்தில் வைத்து, ஒரே விளக்கொளியில், இரு பக்கமும் படம் எடுத்துத் தெளிய வைத்துத் திரும்பவும் அதே கிணற்றில் விடலாம். மரபணுவுக்கு வால் துடுப்பின் நுனியில் ஒரு கிள்ளு போதும், அதை 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். பார்மலின் வேண்டாம். நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது காவிரிக் கரையெல்லாம் சுற்றிப் பிடித்த மீனை மொத்தமாகப் பார்மலினில் போட்டேன், அன்று அதுதான் வழக்கம். பல வருஷம் கழித்து அதிலிருந்து மரபணு எடுக்கப் பார்த்தால் எல்லாம் துண்டுதுண்டாகச் சிதைந்திருந்தது. மிச்ச புட்டிகள் இன்னும் மோசமாகப் போயின. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் அறை மாற்றும்போது, வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துபோன புட்டிகளையெல்லாம் கொட்டிவிட்டார்கள். ஒரு ஆற்றின் இருபது வருஷக் கணக்கு அது, இன்றைக்கு நினைத்தாலும் தாங்கவில்லை. ஆகவே சீட்டைப் புட்டிக்கு வெளியே மட்டும் ஒட்டாதீர்கள். பென்சிலில் எழுதி உள்ளேயும் ஒன்று போடுங்கள். எத்தனாலில் பேனா மை கரையும், பென்சில் கரையாது. கிணற்றின் இடம், தேதி, நீர்மட்டம், வெப்பம், தோட்டத்துக்காரர் சொன்ன வருஷம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அனுமதி வேலையை முதலிலேயே முடியுங்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரர் சம்மதம், கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், அணைத்தண்ணீர் என்றால் மீன்வளத் துறை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் கால் வைப்பதென்றால் வனத்துறை. கிணற்றில் யாரும் இறங்க வேண்டாம், நீச்சல் தெரிந்தாலும் வேண்டாம். மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்கும் சல்லடை வலையே கப்பிக்குப் போதும், கூட இன்னொரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.

எம்.எஸ்சி. ஆய்வுக்குக் கிடைக்கிற ஐந்தாறு மாதத்தில் பேரக்குஞ்சு வரை போக முடியாது. அதனால் பதினாறு கிணறு, கிணற்றுக்கு 30 ஆண், 30 பெண், படமும் துடுப்பு நுனியும், பெட்டைகள் தொட்டியில் ஈன்ற முதல் தலைமுறை என்ற அளவில் நிறுத்துங்கள். கட்டுரைத் தலைப்பில் பரிணாமம் என்ற சொல் வரக் கூடாது, 'எதிரி உள்ள, எதிரி இல்லாத கிணறுகளில் கப்பியின் நிற, உடலளவு வேறுபாடு' என்று இருக்கட்டும். முதல் தலைமுறைக் குட்டிகளை மட்டும் கொன்றுவிடாமல் தொட்டியில் வைத்திருங்கள். நீங்களோ உங்களுக்கு அடுத்து வரும் மாணவரோ அங்கிருந்து தொடரலாம். படங்களின் நகலை மூன்று இடத்தில் வையுங்கள்.

மாமாவின் ஜிலேபியையும் விட்டுவிட வேண்டாம். வாரம் ஒரு நாள் அவர் பரிசல் கரையேறும்போது இருபது மீனுக்கு நீளம், எடை, சினை உண்டா இல்லையா, எந்த வலைக்கண்ணில் மாட்டியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். செதிலில் இரண்டு உரித்துச் சின்னக் காகித உறையில் போட்டு வையுங்கள், காய்ந்த செதிலிலிருந்து பிற்பாடு மரபணு எடுக்கலாம். தை பிறந்ததும் கிணறுகளில் தண்ணீர் தெளிந்து நிற்கும், மீன் மேலே வரும். அதற்குள் பதினாறு தோட்டத்துக்காரர்களிடம் பேசி, கிணறு கடைசியாக எந்த வருஷம் வற்றியது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.